கோடு இறங்கிய இடம்

அந்தக் கோடு இறங்குகிறது. இடது பக்கம் படிப்படியாக ஏறி, உச்சியில் கொஞ்சம் தள்ளாடி, பிறகு வலது பக்கமாகச் சரிந்து, கடைசியில் தரைக்கு வந்து படுத்துக்கொள்கிறது. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கோகிலவாணி பேனா மாதிரி ஒரு விளக்கைக் கையில் வைத்திருக்கிறாள். அதிலிருந்து வரும் சிவப்புப் புள்ளி கோட்டின் மேல் ஊர்ந்து போகிறது. பயனர் ஏழு, நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டிலிருந்து எண்பத்து நான்கு, பதினோரு நிமிடத்தில், என்கிறாள். முதலில் இங்கிலீஷில் சொல்லி, பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் அவள் வீட்டு ஆட்களுக்காக மறுபடி தமிழில் சொல்கிறாள். பயனர் ஏழு நான்தான். சவரிமுத்து என்று அதில் இல்லை, இருக்கவும் கூடாதாம், பெயர் போடாமல் இருப்பதுதான் மரியாதை என்று முன்பே சொல்லியிருந்தாள். பெயர் போடாததில் எனக்கு வருத்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க நானும் படுக்கை எண்ணைத்தான் பார்த்தேன், பெயரைப் பார்த்ததில்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே மூலையில் பொடியாகத் தேதி போட்டிருக்கிறது. எட்டாவது வரை படித்தவனுக்கு இந்தத் திரையில் இருக்கும் வார்த்தைகள் பாதி புரியாது, எண் புரியும். பத்தொன்பது, எட்டு. எண் புரியாமல் இருந்திருக்கலாம். மூன்றாம் வரிசையில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழும் நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது மணிக்கட்டில் நாடி பார்க்கும் அந்தக் கறுப்புப் பட்டை. சட்டைப் பையில் அவள் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு. அன்றைய தேதியை இத்தனை பெரிய திரையில் போட்டு, அதன் மேல் சிவப்புப் புள்ளியை ஓட்டி, இதுதான் என் ஆய்வின் சிறந்த முடிவு என்கிறாள். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

சிறந்த முடிவாம். நான் அதை வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை, எனக்கு அந்த வழக்கம் கிடையாது, பேருந்தில் மீதிச் சில்லறை கேட்காமலே இறங்கிவிடும் ஆள் நான். இந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டியது ஒரே ஒரு வரி. அதை அவளே எழுதிக்கொடுத்துவிட்டாள். இங்கே அப்படித்தான் வழக்கமாம். டாக்டர் பட்டம் வாங்குகிறவர் எல்லாரும் பார்க்கப் பேச வேண்டும், பேசி முடித்ததும் தலைவர் பொதுமக்கள் யாரேனும் கேள்வி கேட்கலாம் என்பார், யாரும் கேட்காவிட்டால் நன்றாக இருக்காது, ஏடாகூடமாக யாராவது கேட்டுவிட்டால் அதைவிட மோசம், அதனால் நாலைந்து பேரிடம் முன்கூட்டியே கேள்வியைக் கொடுத்து வைப்பார்களாம். நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையில் சீட்டைத் திணித்தாள். “ஐயா, நீங்க கடைசியா எழுந்திரிங்க. இது எங்கள மாதிரி வயசானவங்க வீட்டுக்கெல்லாம் எப்பம்மா வரும், அப்படின்னு மட்டும் கேளுங்க போதும். மத்தவங்க கேக்குறதவிட நீங்க கேட்டாத்தான் எடுபடும்.” நான் சரிம்மா என்றேன். “மனப்பாடம் பண்ணிடாதீங்க, இயல்பா இருக்கணும்,” என்று சிரித்தாள். நான் மனப்பாடம் செய்துவிட்டேன். இது எங்களை மாதிரி வயதானவர்கள் வீட்டுக்கெல்லாம் எப்போதம்மா வரும். காலையில் முகம் மழிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், கண்ணாடியில் என் வாய் வேறு யாருடைய வாயோ போல அசைந்தது. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் தேதி போட்ட கோட்டை அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

கெட்ட பெண் இல்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு சரியாக வராது. மாடி அறைக்குக் குடிவந்த மூன்றாம் மாதம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், ஐயா உங்க வீட்ட கொஞ்ச நாளைக்கு எனக்குத் தர்றீங்களா என்று. வீட்டைத் தருவதா என்று பயந்துவிட்டேன். “இல்லங்கய்யா, நீங்க பாட்டுக்கு இருங்க. வீடே ஒரு கம்ப்யூட்டர் மாதிரி ஆயிடும், ஆனா கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னே தெரியாது.” முன்னறையில் டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அடுப்படி ஜன்னலில் சிலேட்டு மாதிரி ஒரு டேப், படுக்கையறையில் ஸ்பீக்கர், மணிக்கட்டில் பட்டை, என் போனில் ஏதோ ஒன்று. முதல் வாரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டே காபி போட எழுந்தால் செய்தியும் என்னோடு எழுந்து அடுப்படிக்கு வரும். வெயில் நேரத்தில் படம் தானாக வெளிச்சமாகும். எழுத்து பெரிதாகும். நான் கண்ணயர்ந்தால் நின்று, விழித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி, என் முகம் பார்த்து நடக்கிற ஒரு ஆள். மனைவி லூசியா போன பிறகு அந்த வீட்டில் யாரும் என் முகம் பார்த்து நடந்ததில்லை. ஒருநாள் டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படபடவென்று வந்தது. சட்டென்று நான்கு பேரும் மறைந்து ஒரு ஆறு ஓடியது. இரு கரையும் பச்சை, கூடவே புல்லாங்குழல். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவளிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். “டென்ஷன் ஆனீங்கன்னா அதுக்குத் தெரிஞ்சிடுங்கய்யா. அமைதியாக்கிட்டுத்தான் பழைய இடத்துக்கு விடும். நாடி தொண்ணூறுக்குக் கீழ வரணும்.” ரொம்ப நல்லதும்மா என்றேன். அந்த நல்லதும்மாவையும் எங்காவது எழுதி வைத்திருப்பாள்.

பின்வரிசையில் இரண்டு மாணவர்கள் குசுகுசுக்கிறார்கள். “டேய், முன்னாடி இருக்காரே, அவர்தான்டா யூசர் செவன்.” “அக்கா தீசிஸே அவரோட ஹார்ட்டுலதான் ஓடுது.” “மெதுவாப் பேசுடா, டென்ஷன் ஆயிடப் போறாரு, ஆறு வந்துடும்.” சிரிப்பை அடக்கும் சத்தம். காது கேட்காது என்று நினைத்துவிட்டார்கள். தலை நரைத்தால் காது போய்விடும், கண் போய்விடும், எதையும் நேராகப் பார்க்கத் தெம்பு போய்விடும், யாராவது நல்லதாகப் பார்த்து மாற்றி வைக்க வேண்டும். எனக்கு ஏழு வயதிலும் இப்படித்தான் செய்தார்கள். இறந்துபோன அம்மாவைப் பெட்டியில் வைத்திருந்த அன்று, பிள்ளைகள் பார்த்தால் பயந்துவிடும் என்று என்னையும் மதலேனாள் அக்காவையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரம்மா சீனி தூவிய ரொட்டி கொடுத்தார், கிளிக்கூண்டைக் காட்டினார். கிளி நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்குப் பதினொரு வயது. ரொட்டியைத் தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தெருவோடு இழுத்துக்கொண்டு ஓடினாள், பெரியவர்களின் கால்களுக்கிடையே நுழைந்தாள், என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள், அவள் இடுப்பு என்னைத் தாங்கும் இடுப்பு இல்லை, சாய்ந்து சாய்ந்து நின்றாள். “பாத்துக்கடா முத்து. கண்ண மூடாத. இனிமே பாக்க முடியாது.” பார்த்தேன். முகத்துணியை இழுத்துவிட்டார்கள், மூடியை வைத்தார்கள். பயமாகத்தான் இருந்தது. பயமாக இருந்தாலும் அது என் அம்மா. இன்றுவரை அந்த முகம் என்னிடம் இருக்கிறது, கிளியும் இருக்கிறது, ஆனால் கிளி மட்டும் மிஞ்சியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அந்த அக்காதான் பத்தொன்பது எட்டு. போர்ட்பிளேருக்குக் கல்யாணமாகிப் போனவள், கப்பலில் போனாள், அங்கேயே பேரன் பேத்தி எடுத்தாள். விடியற்காலையில் பேரன் கூப்பிட்டான், தாத்தா, பாட்டி தூக்கத்திலயே, என்றான். அன்றைக்கே அடக்கம். மழை, விமானம் ஏறினாலும் போய்ச் சேர முடியாது. “லைவ் போடறேன் தாத்தா, லிங்க் அனுப்புறேன், நீங்க அங்கேருந்தே பாருங்க.” யாருக்கும் சொல்லவில்லை. கோகிலவாணிக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, மாடிப்படியில் நின்று கூப்பிட்டு எங்கக்கா செத்துப்போச்சு என்பதா. அவள் இறங்கி வருவாள், பாவம் என்பாள், பக்கத்தில் உட்கார்வாள், நான் அவளுக்காக முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் கதவைத் தாழிட்டு, ஜன்னலைச் சாத்தி, முன்னறையில் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டேன். அவள் கற்றுக்கொடுத்தபடியே லிங்க்கை டிவிக்கு அனுப்பினேன். வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த கோயில் வராந்தா, மழைச் சத்தம், குடைகள், நடுவில் பெட்டி. பேரன்தான் போனைப் பிடித்திருந்தான். அக்கா முகம் ஒரு ஓரமாகத் தெரிந்தது, மூக்கு மட்டும் பெரிதாக, அம்மா மூக்கு. சாமியார் தீர்த்தம் தெளித்தார். மருமகள்கள் சத்தம் போட்டு அழுதார்கள். பேரன் போனோடு கிட்டே போனான், முகம் நடுவுக்கு வந்தது, யாரோ வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கையில் எடுத்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் மேலே ஏறி வந்தது. ஏறட்டும் என்றுதான் இருந்தேன், அதற்குத்தான் கதவைத் தாழிட்டேன். அப்போது ஆறு வந்தது.

இரு கரையும் பச்சை, கூடவே புல்லாங்குழல். நான் முதலில் நம்பவில்லை. ரிமோட்டை அழுத்தினேன், ஆறு ஓடியது. எழுந்து அடுப்படிக்கு ஓடினேன், டேப்பில் பார்க்கலாம் என்று. எனக்கு முன்னால் ஆறு அங்கே போய் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன், போனுக்குள் சின்னதாக ஒரு ஆறு. படுக்கையறையில் புல்லாங்குழல். என் வீட்டில் நான் போகிற இடமெல்லாம் கூடவே வந்து என் கண்ணைப் பொத்தியது. பட்டையைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எனக்கும் தெரியும், இப்போது தெரியும். நடுவில் கழற்றினால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண், குளிக்கும்போதும் கழற்றாதீங்கய்யா என்று அவள் சொல்லியிருந்தாள், நான் சரியென்று சொல்லியிருந்தேன், சரியென்று சொன்னதை மாற்றுவது என் மூளையில் அந்த நேரத்தில் ஒரு வழியாகவே தோன்றவில்லை. தோன்றியது இன்னொன்று. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் விட்ட இடத்துக்கு விடும். அதனால் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் அக்கா முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நான் கண்ணை மூடிச் செபமாலையை எடுத்து, அருள்நிறை மரியே சொல்ல ஆரம்பித்தேன், செபமாகச் சொல்லவில்லை, மூச்சை இறக்குவதற்காகச் சொன்னேன், ஒவ்வொரு மணிக்கும் மூச்சை இழுத்துப் பிடித்து மெதுவாக விட்டேன். அக்காவை நினைக்காதே, அக்காவை நினைக்காதே. அவளை நினைத்தால் ஏறும். துணிக் கிடங்கை நினைத்தேன், மடித்த வெள்ளை விரிப்புகளைக் கட்டுக்கட்டாக நினைத்தேன். அவளைப் பார்ப்பதற்காக அவளை மனதிலிருந்து தள்ளி வைத்தேன். செபமாலையில் இரண்டு பத்து மணியும் அதற்கு மேல் கொஞ்சமும் உருண்டது. கோடு இறங்கியது. ஆறு போனது. விட்ட இடத்துக்கு விடும் என்பது மற்ற படங்களுக்குத்தான், நேரலையில் விட்ட இடம் என்று ஒன்று கிடையாது. குடைகளின் முதுகுகள். ஈரமண். ஒரு பிளாஸ்டிக் செருப்பு. பிறகு பேரன் முகம், முடிஞ்சிடுச்சு தாத்தா, என்றான். அவர்கள் அதைச் சேமித்தும் வைக்கவில்லை, அந்த மழையில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தட்டில் கேசரி. “ஐயா, இன்னைக்கு உங்க ரீடிங் எப்படி வந்திருக்கு தெரியுமா. இத்தன நாள்ல இப்படி ஒரு கர்வ் யாருக்குமே வரல. நூத்திப் பதினெட்டுல இருந்து அப்படியே இறங்குது. என்ன பாத்தீங்க, மறுபடியும் அந்தச் சண்டையா?” நான் கேசரித் தட்டை வாங்கிக்கொண்டேன். “கூட்டமா இருந்துச்சும்மா,” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. “அதான் மெஷினும் இங்க போட்டிருக்கு,” என்று தன் போனைக் காட்டினாள். அதைத்தான் இப்போது திரையிலும் போட்டிருக்கிறாள், கோட்டுக்கு மேலே மூன்று வார்த்தை, எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன், அவளே தமிழில் சொல்லிவிடுகிறாள். நேரலை. கூட்டம். இரைச்சல். மருமகள்கள் அழுதது இரைச்சல். அந்த இரைச்சலிலிருந்து பயனர் ஏழை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் அமைதிப்படுத்தியது இந்த ஏற்பாடு என்கிறாள். அமைதிப்படுத்தியதாம். அந்தக் கோட்டை இறக்கியது நான். ஒவ்வொரு மணியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பெரிய பாறையைக் கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்குகிற மாதிரி இறக்கினேன். என் வேலையை எடுத்து ஆற்றுக்குக் கொடுத்துவிட்டாள். அவளுடைய கைடு, வழுக்கைத் தலை, பெயர் பக்தவத்சலம், வெளியூரிலிருந்து பரிசோதிக்க வந்திருக்கும் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொல்கிறார், அவர் முகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த திருப்தி. அந்த அம்மா பெயர் மெஹருன்னிசா என்று அறிமுகத்தில் சொன்னார்கள். சிரிக்கவில்லை, பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து கோட்டையே பார்க்கிறார்.

“இப்ப இத நேராவே பாத்துடலாம்,” என்கிறாள் கோகிலவாணி. “பயனர் ஒருத்தர் இங்கேயே இருக்காரு.” எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. திரையின் மூலையில் சிவப்பாக ஓர் எண் முளைக்கிறது. நூற்று ஏழு. என்னுடையது. என் சட்டையைக் கழற்றி மாட்டியது போல இருக்கிறது. இனி அந்தக் கத்தும் நான்கு பேரை ஓடவிட்டு, எனக்குப் படபடப்பு வரவைத்து, பிறகு ஆற்றைக் காட்டுவதாகத் திட்டம், வீட்டில் சொல்லியிருந்தாள். ஆனால் நான்கு பேர் வருவதற்கு முன்பே, அந்தக் கோடும் அந்தத் தேதியும் இன்னும் திரையில் இருக்கும்போதே, எண் நூற்றுப் பன்னிரண்டாகிறது, நூற்றுப் பதினைந்தாகிறது, தன் பேச்சுக்கான படங்களையும் பெருமைக்காக அதே ஏற்பாட்டில்தான் ஓட்டுகிறாள் போலிருக்கிறது, சட்டென்று எல்லாம் கலைந்து ஆறு வந்துவிட்டது. இரு கரையும் பச்சை. கூடவே புல்லாங்குழல், இந்தப் பெரிய கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும். கைதட்டுகிறார்கள். பின்வரிசையில் ஒருவன் சீட்டியடிக்கிறான். கோகிலவாணி என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிக்கிறாள், நன்றி சொல்கிற மாதிரி கண்ணை மூடித் திறக்கிறாள். என் கோபமும் அவளுக்கு மதிப்பெண்ணாகிவிட்டது. நான் எவ்வளவு கொதித்தாலும் அது இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, நான் அடங்கினாலும் அது வேலை செய்ததற்குச் சாட்சி. நான் என்ன செய்தால் அது தவறு என்று ஆகும். எண் நூற்றிருபதைத் தொடுகிறது.

ஆறு போகவில்லை. அவள் அடுத்த படத்துக்கு அழுத்துகிறாள், ஆறு. மறுபடி அழுத்துகிறாள். இன்னும் முடிவுரை பாக்கியிருக்கிறதாம், அது வரவில்லை. ஒரு நிமிடம் எல்லாரும் ரசித்தார்கள், பிறகு நாற்காலிகள் அசைந்தன. “அக்கா, தாத்தா ரிலாக்ஸ் ஆகமாட்டேங்குறாரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. பக்தவத்சலம் எழுந்து என் வரிசைக்கே வந்துவிட்டார். “பெரியவரே, ஒண்ணுமில்ல, பதட்டப்படாதீங்க. நல்லா மூச்ச இழுத்து விடுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” கனிவாகத்தான் சொல்கிறார். சீனி தூவிய ரொட்டியும் கனிவாகத்தான் கொடுத்தார்கள். கோகிலவாணியின் சிரிப்பு மெல்ல இறுகுகிறது, கையிலிருக்கும் விளக்கின் சிவப்புப் புள்ளி தண்ணீரின் மேல் நடுங்குகிறது. ஐந்து வருடப் படிப்பு என் மணிக்கட்டில் நிற்கிறது. எனக்கு இறக்கத் தெரியும். கண்ணை மூடி இருபது மணி உருட்டினால் அவள் முடிவுரை வந்துவிடும், அவள் பட்டம் வாங்கிவிடுவாள், நான் சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டுவிட்டுச் சமோசா சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாம். விரல்கள் தானாக மணியைத் தேடுகின்றன, பையில் சீட்டுத்தான் தட்டுப்படுகிறது. அன்றைக்கு அக்காவுக்காக இறக்கினேன். இதற்காக இறக்குவதா. இன்னொரு தடவை அவளை மனதிலிருந்து தள்ளிவைத்து, அதை இன்னொரு கோடாகப் போட்டுக் கொடுப்பதா. மாட்டேன். இடது மணிக்கட்டைத் திருப்பினேன். கொக்கி இறுகித்தான் இருந்தது, நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. பட்டையை நாற்காலிக் கையின் மேல் வைத்தேன். ஆறு நின்றது. அவளுடைய கோடு அப்படியே திரும்ப வந்தது, தேதியோடு. இவ்வளவுதான் வேலை. ஒரு கொக்கி. நான் கொடுத்த வாக்கை ஒரு கொக்கியளவு மீறியிருந்தால் அக்கா முகத்தைப் பார்த்திருப்பேன்.

கோகிலவாணி முடிவுரையை எடுக்கவில்லை, என்னையே பார்க்கிறாள். தலைவர் தொண்டையைச் செருமி, சரி, பொதுமக்கள் யாரேனும் கேள்வி, என்று அவசரமாகச் சொல்லிவிட்டார். ஒரு பெண் மட்டும் எழுந்து தன் சீட்டில் இருந்ததை இங்கிலீஷில் கேட்டாள், கோகிலவாணி என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு என் முறை. இது எங்களை மாதிரி வயதானவர்கள் வீட்டுக்கெல்லாம் எப்போதம்மா வரும். எழுந்து நின்றேன். முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் வேறு எதுவோ வந்துவிடும் என்று பயந்து மூடினேன், மூடினால் மூடியபடியே வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பயந்து திறந்தேன். “அந்தக் கோடு,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மெஹருன்னிசா அம்மா கையை உயர்த்தி ஏசியை நிறுத்தச் சொன்னார். “சொல்லுங்க ஐயா.” “அந்தக் கோடு இறங்கினது ஆத்தால இல்லங்க. நான்தான் இறக்குனேன். அன்னைக்கு எங்க அக்காவ அடக்கம் பண்ணாங்க. டிவில காட்டுனாங்க. மூஞ்சிய மூடப்போற நேரத்துல ஆறு வந்துடுச்சு. நாடி குறைஞ்சாத்தான் திரும்ப விடும்னு சொல்லியிருந்தாங்க, அதனால மூச்சப் புடிச்சு இறக்குனேன். இறக்கி முடிக்கிறதுக்குள்ள மண்ணு போட்டுட்டாங்க.” மூச்சு வாங்கியது. இன்னும் ஒன்று பாக்கியிருந்தது, அதைச் சொல்லாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் புகார். “என்னைய யாரும் அமைதியாக்கச் சொல்லலம்மா. நான் அன்னைக்கு அழுறதுக்குன்னுதான் கதவச் சாத்திட்டு உக்காந்தேன்.” உட்கார்ந்துவிட்டேன்.

பக்தவத்சலம்தான் முதலில் பேசினார். “மேடம், அனுதாபத்துக்குரிய விஷயம்தான். ஆனா இது ஒரே ஒரு பயனர். விதிவிலக்குன்னு தள்ளிட்டுப் போயிடலாம். பாக்கி பதினெட்டு பேர் இருக்காங்க.” தள்ளிட்டுப் போயிடலாம். மெஹருன்னிசா அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. “கோகிலவாணி, இந்த நாடி எதனால குறைஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” அவள் கைடைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே ஏதோ சொன்னார், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. அவள் திரையைப் பார்த்தாள், கோட்டை, தேதியை. நான் கேசரித் தட்டை நினைத்தேன், அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், முகம் அப்படி ஆகிவிட்டது. “தெரியாது மேடம்,” என்றாள். “குறைஞ்சுதுன்னு மட்டும்தான் தெரியும். பாக்கி பதினெட்டு பேருக்கும் எதனால குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் கேக்கல.” பக்தவத்சலம் பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது. அந்த அம்மா பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். தலைவர், நாங்க பேசிட்டுக் கூப்பிடறோம், எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க, என்றார்.

வெளியே நடையில் மேசையின் மேல் சமோசாத் தட்டுகள், செய்தித்தாள் போட்டு மூடி. அவள் வீட்டு ஆட்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று என்னைப் பார்க்கிறார்கள். அவள் அம்மா கண்ணில் நான் யாரென்று தெரிகிறது. மகளின் வாயில் மண்ணைப் போட்ட கிழவன். இருக்கட்டும். தூணுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்து, ஈரமாக, காற்றுப் பட்டுச் சில்லென்றிருக்கிறது. கோகிலவாணி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. “அக்கா பேரு என்னங்கய்யா?” என்றாள். “மதலேனாள்.” “நான் கேசரி கொண்டுவந்தேன்,” என்றாள். “ஆமாம்மா.” “சாப்பிட்டீங்களா?” “தூக்கிப் போட மனசு வரல. சாப்பிட்டேன்.” புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். “அந்தக் கோட்ட எடுத்துடறேங்கய்யா. உள்ள என்ன முடிவு பண்ணாலும் சரி, அது என் தீசிஸ்ல இருக்காது.” அதைக் கேட்டதும்தான் எனக்கு மறுபடி சுருக்கென்று ஏறியது. எடுத்துவிடுவதாம். முதலில் முகத்தை எடுத்தார்கள், இப்போது நான் இறக்கியதையும் எடுத்துவிடுவதா. அன்றைக்கு நடந்ததில் எங்காவது மிச்சமிருப்பது அந்த ஒரு கோடுதான். “எடுக்கக் கூடாது,” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது, சமோசா அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “அது இருக்கட்டும். மேல எழுதியிருக்கீங்களே, கூட்டம், இரைச்சல்னு. அத அடிச்சிட்டுச் சரியா எழுதுங்க.” “என்னன்னு எழுதட்டும்?” “பெட்டி மூடுற நேரம்னு எழுதுங்க.” அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பியூன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மற்றவர்களையும் உள்ளே வரச் சொன்னார். எழுந்தாள், உள்ளே போக இரண்டடி வைத்தாள். அதற்குள் எனக்கு மேலே ஏறி வந்துவிட்டது. எட்டாம் மாதம் பத்தொன்பதாம் தேதி பாதியில் நின்றது, விட்ட இடத்திலிருந்து. மூக்கு பெரிதாக, அம்மா மூக்கு, யாரோ துணியின் ஓரத்தைக் கையில் எடுக்கிறார்கள். சீட்டியடித்த பையன் எங்கிருந்தோ தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். “தாத்தா, என்னாச்சு தாத்தா, அழாதீங்க, இந்தாங்க, ஒண்ணுமில்ல.” கோகிலவாணி வாசலிலிருந்து திரும்பி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “விடு. அவர் இருக்கட்டும்,” என்றாள். அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். யாரும் வரவில்லை. நான் கண்ணை மூடவில்லை.